வரிப் பிரசங்கமும் தங்கவயல் ஜனங்களும்

மத்திய சர்க்காரின் பட்ஜெட் வெளியாகிச் சில வாரங்கள் சென்றபின், ரோட்டரி, லயன்ஸ் முதலான சேவைச் சங்கங்கள் ஓர் ஆடிட்டரை வரவழைத்து, அவ்வருஷத்து வரி மாற்றங்களைப் பற்றிப் பேசச் செய்வது, நாட்டின் சிறிய பெரிய நகரங்களிலெல்லாம் நெடுங்காலமாக நடந்துவரும் சம்பிரதாயம். கோலார் தங்கவயல் போன்ற ஓர் ஊரிலும் அதன் கிரமம் மாறுவதில்லை. தலைவர் மணியடித்துக் கூட்டத்தைத் தொடங்குவார். இறைவணக்கம் முடிந்து, அந்த வாரம் பிறந்தநாளும் மணநாளும் கண்ட அங்கத்தினர்களுக்கு வாழ்த்துக் கூறியானபின், பேச்சாளரின் பட்டங்களையும் அனுபவத்தையும் ஒருவர் நீளமாக வாசிப்பார். பிறகு திரையில் வரி விகிதங்களின் அட்டவணை விரியும். பழைய முறை லாபமா புதிய முறை லாபமா என்று ஒருவரும், பெங்களூரில் விற்ற மனைக்கு 12.5 சதவிகிதமா 20 சதவிகிதமா என்று இன்னொருவரும் கேட்பார்கள். ஆடிட்டரும் பொறுமையாகப் பதில் சொல்வார். பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்றியுரை, அதன்பின் சாப்பாடு.

இதில் குறைகூறத்தக்கது ஒன்றுமில்லை. தம் தொழிலை விட்டு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, கட்டணம் பெறாமல் தம் வித்தையைப் பிறருக்கு எடுத்துரைக்கிற ஆடிட்டர் நம் நன்றிக்குரியவர். என் அபிப்பிராயமெல்லாம் அந்தப் பிரசங்கம் நடக்கும் இடத்தையும், அதைக் கேட்க அமர்ந்திருப்பவர்களையும் பற்றியது. கேட்டுக்கொண்டிருக்கும் அங்கத்தினர்களில் பெரும்பாலோருக்குச் சொந்தமாக ஓர் ஆடிட்டர் ஏற்கெனவே இருக்கிறார். அவர்கள் அன்றைக்கு வராதிருந்தாலும் அவர்களுடைய கணக்கு ஒழுங்காகவே தாக்கலாகியிருக்கும். அந்த விஷயங்களைத் தெரிந்துகொள்ளாததனால் மெய்யாகவே பணம் இழக்கிறவர்கள், அதே நேரத்தில், மண்டபத்துக்கு வெளியே சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளிலும், மாரிக்குப்பத்திலும், ஆண்டர்சன்பேட்டைத் தெருக்களிலும், அப்படியொரு கூட்டம் நடக்கிறதென்றே அறியாமல் இருக்கிறார்கள்.

வரி என்பது வசதி படைத்த சிலருடைய விவகாரம் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருப்பதற்குச் சரித்திர காரணம் உண்டு. 1857ஆம் வருஷத்துக் கிளர்ச்சியை அடக்கியதனால் ஏற்பட்ட கடன் சுமையைத் தீர்க்கவென்று, 1860இல் நிதி அங்கத்தினராயிருந்த ஜேம்ஸ் வில்சன் இந்தத் தேசத்தில் வருமான வரியைக் கொண்டுவந்தபோது, அது மிகச் சிலரைத்தான் தொட்டது. அப்படியிருந்தும், சென்னை கவர்னராக இருந்த சர் சார்லஸ் டிரெவெலியன் அதை எதிர்த்து எழுதிய குறிப்பைச் சர்க்காரின் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல், பத்திரிகைகளின் வாயிலாக ஜனங்கள் படிக்கும்படி வெளியிட்டார். அதன் பலனாகப் பதவியையும் இழந்தார். அவர் சொன்ன வாதங்கள் சரியோ தவறோ, வரியைப் பற்றிய விவாதம் வரி கொடுப்பவனின் காதுக்கு எட்டவேண்டும் என்று ஒரு கவர்னரே நினைத்து, அதற்காகத் தண்டனையும் அடைந்தார் என்பது, பழைய சென்னை ராஜதானியின் சரித்திரத்தில் மறக்கத்தகாத ஒரு செய்தி.

இன்றோ வரியின் வலைக்குள் வராத பிரஜையே இல்லை. சோப்புக்கும் பற்பசைக்கும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கும் 2025 செப்டம்பர் 22க்கு முன்பு வரையில் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. கொடுத்து வந்தோம். அன்று முதல் 5 சதவிகிதம் கொடுக்கிறோம். தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் இருந்த 18 சதவிகிதம் அன்றே அடியோடு நீங்கியது. இந்த மாற்றத்தினால் ராபர்ட்சன்பேட்டை எம்.ஜி. மார்க்கெட்டில் தான் வாங்கும் சாமான் எவ்வளவு குறைந்திருக்க வேண்டும் என்று கடைக்காரரிடம் கேட்கும் தைரியம், சதவிகிதத்தைத் தெரிந்துகொண்ட பெண்ணுக்குத்தான் வரும். அவளுக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் யார்?

தங்கவயலில் இந்தக் கேள்வி வேறு எந்த ஊரையும்விடக் கூர்மையாக எழுவதற்குக் காரணம் இருக்கிறது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்ததிலிருந்து, வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்த தமிழர்களும் தெலுங்கர்களும், மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், பாறை வெடிப்புக்கும் நுரையீரலைத் தின்னும் கல்தூசுக்கும் தம்மை ஒப்புக்கொடுத்து, சுமார் 800 டன் தங்கத்தை வெளியே கொண்டுவந்தார்கள். 1956இல் மைசூர் சர்க்காரும், பின்னர் மத்திய சர்க்காரும் ஏற்று நடத்திய சுரங்கம், பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பெயரோடு 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டது. அன்றைக்கு வேலை இழந்தவர்களில் பலர் இன்று உயிரோடில்லை. உயிரோடிருப்பவர்களும், காலஞ்சென்றவர்களின் மனைவிமார்களும், ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின் சொற்பமான மாதத்தொகையையும், வங்கியில் போட்டுவைத்த கொஞ்சம் பணத்தின் வட்டியையும் கொண்டு காலம் தள்ளுகிறார்கள். அந்தத் திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 முதல் மாதம் 1,000 ரூபாய் என்பதை நினைவுகூர்ந்தால், வட்டிப் பணத்தின் அருமை விளங்கும்.

அந்த வட்டியில் நடக்கும் ஒரு காரியத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஐம்பத்தெட்டு வயதான ஒரு கைம்பெண், கணவன் விட்டுச்சென்றதும் மகன் அனுப்பியதுமாக 8 லட்ச ரூபாயை வங்கியில் வைப்பாக வைத்திருக்கிறாள் என்று கொள்வோம். வட்டி 7 சதவிகிதமென்றால் வருஷத்துக்கு 56,000 ரூபாய் கிடைக்கும். அறுபது வயது ஆகாதவர்களுக்கு ஒரு வங்கியில் வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால், அதில் பத்தில் ஒரு பங்கை வங்கி பிடித்துச் சர்க்காருக்குக் கட்டிவிடும். அதாவது 5,600 ரூபாய். பான் எண் கொடுக்காவிட்டாலோ, கொடுத்த பான் ஆதாருடன் இணைக்கப்படாமல் செயலிழந்திருந்தாலோ, பிடித்தம் 20 சதவிகிதமாகி 11,200 ரூபாய் போய்விடும். பாஸ்புத்தகத்தில் அந்தத் தொகைக்கு எதிரே டி.டி.எஸ். என்ற எழுத்துகள் மட்டும் அச்சாகியிருக்கும். அவளோ அதை வங்கியின் ஏதோ கட்டணமென்று நினைத்துக்கொள்வாள். பிடித்தது சரியென்றே எண்ணி யாரிடமும் கேட்கமாட்டாள். உண்மையிலே அவளுடைய மொத்த வருமானம் புதிய முறையின் அடிப்படை வரம்பாகிய 4 லட்சத்துக்கு மிகவும் கீழே இருப்பதனால், ஒரு ரூபாய்கூட அவள் வரியாகச் செலுத்த வேண்டியதில்லை. வருஷத் தொடக்கத்திலேயே, தனக்கு வரி கட்டும் அளவுக்கு வருமானமில்லை என்ற உறுதிமொழிப் படிவத்தை, அதாவது நெடுங்காலமாக 15ஜி என்றும், அறுபது வயதானவர்களுக்கு 15எச் என்றும் வழங்கிவந்த படிவத்தைப் பான் எண்ணோடு கொடுத்திருந்தால் பிடித்தமே நேர்ந்திராது. பிடித்தான பிறகும், வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தால் முழுத்தொகையும் அவளுடைய கணக்குக்கே திரும்பி வந்துவிடும். அதற்குரிய கெடு தவறினாலும், டிசம்பர் 31 வரையில் தாமதக் கணக்குத் தாக்கல் செய்ய வழியுண்டு.

அறுபது வயது கடந்தவர்களுக்கு வட்டியில் பிடித்தம் தொடங்கும் வரம்பு 2025 ஏப்ரல் முதல் 50,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமாக உயர்ந்தது. மண்டபத்துத் திரையில் இது ஒரே ஒரு வரியாகத் தோன்றி மறையும். அங்கே இருப்பவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. சாம்பியன் ரீஃபிலும் மாரிக்குப்பத்திலும் தனித்து வாழும் வயோதிகர்களுக்கோ, அந்த ஒரு வரி பல மாதத்து மருந்துச் செலவுக்குச் சமானம்.

அடுத்து, அதிகாலையில் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயிலில் பெங்களூருக்குச் சென்று, இரவு திரும்பும் ஆயிரக்கணக்கான இளைஞர்களை எடுத்துக்கொள்வோம். சுரங்கம் மூடப்பட்டபின் இவ்வூரின் ஜீவனமே அந்த ரயிலில்தான் ஏறி இறங்குகிறது. 12 லட்சம் வரை வரியில்லை என்ற செய்தி அவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வரியில்லை என்பதும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியதில்லை என்பதும் ஒன்றல்லவென்று அவர்களுக்கு எடுத்துச் சொன்னவர்கள் சிலரே. மாதம் 45,000 ரூபாய் சம்பளம் வாங்குகிறவனுக்கு, நிலைக்கழிவாகிய 75,000 ரூபாயைத் தள்ளினாலும் வருஷ வருமானம் 4,65,000 ரூபாய் ஆகிறது. சட்டம் தரும் தள்ளுபடியினால் வரி பூஜ்யமாகிவிடுகிறதே தவிர, 4 லட்சத்தைத் தாண்டியவன் கணக்குக் கொடுத்தே ஆகவேண்டும். தொழில் வரி இன்னொன்று. கர்நாடகத்தில் 2023 ஏப்ரல் முதல், மாதச் சம்பளம் 25,000 ரூபாய்க்குக் குறைந்தவர்களிடம் அதைப் பிடிக்கக்கூடாது. அதற்கு முன்பு அந்த வரம்பு 15,000. பழைய வழக்கப்படி காவற்காரரிடமும் துப்புரவாளரிடமும் மாதம் 200 ரூபாய் பிடிக்கும் ஒப்பந்தக்காரர் இன்னும் ஒருவர் இருந்தாலும், அதைச் சுட்டிக்காட்ட வேண்டியவன் சட்டம் தெரிந்த தொழிலாளிதான்.

இந்த அறியாமையின்மீது பிழைக்கிற தரகர்களும் இருக்கிறார்கள். பிடித்த வரியை மொத்தமாக வாங்கித் தருகிறேன், வருவதில் எனக்கு ஒரு பங்கு கொடு என்று சொல்லி, இல்லாத வீட்டு வாடகையையும் கொடுக்காத நன்கொடையையும் கணக்கில் எழுதி, பணத்தை வரவழைத்துக் கொடுப்பார்கள். இத்தகைய பொய்க் கழிவுகளின் பேரில் 2025 ஜூலையில் வருமான வரித் துறை நாட்டின் பல பாகங்களில் சோதனை நடத்தியது. பின்னால் வட்டியோடும் அபராதத்தோடும் நோட்டீஸ் வரும்போது, அது தரகரின் வீட்டுக்கு வராது. கையெழுத்துப் போட்டவனின் வீட்டுக்கே வரும்.

அதே 2025 ஜூலையில் நம்முடைய கர்நாடக ராஜ்யத்தில் நடந்த மற்றொரு சம்பவத்தை இவ்வூர் வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு முந்தைய சில வருஷங்களின் யு.பி.ஐ. வரவுகளைக் கொண்டு, பேக்கரிக்காரருக்கும் டீக்கடைக்காரருக்கும் காய்கறி விற்பவருக்கும் வணிக வரித் துறை ஆயிரக்கணக்கில் நோட்டீஸ் அனுப்பவே, பெங்களூரில் கடைக்குக் கடை அந்தச் சதுரக் குறியீட்டு அட்டையைக் கழற்றிவிட்டு, ரொக்கம் மட்டும் என்று எழுதி ஒட்டினார்கள். போராட்ட அறிவிப்பு வந்தது. முதலமைச்சர் வியாபாரிகளை அழைத்துப் பேசினார். பழைய பாக்கியை வசூலிப்பதில்லை, இனிமேல் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று முடிவாயிற்று. பொருள் விற்பவருக்கு 40 லட்சமும் சேவை தருபவருக்கு 20 லட்சமும் பதிவுக்கான வரம்பு என்பதும், வரிவிலக்குள்ள பச்சைக் காய்கறிகளை மட்டுமே விற்பவர் பதிவு செய்யவே தேவையில்லை என்பதும், வருஷ விற்பனை ஒன்றரைக் கோடி வரையில் உள்ள சிறு வியாபாரி ஒரு சதவிகிதத்தைக் கட்டிவிட்டு விரிவான கணக்கு வைக்கும் தொல்லையிலிருந்து விடுபட ஓர் இணக்க முறை உண்டு என்பதும், இந்த ஜி.எஸ்.டி. வரம்புகள் அமலான 2019ஆம் வருஷம் தொட்டு அந்தக் கடைகளுக்கு முன்னால் நின்று, அவர்கள் பாஷையில் யாராவது சொல்லியிருந்தால், அந்த ஜூலை மாதத்தின் திகிலில் பெரும்பங்கு இல்லாமற்போயிருக்கும். நோட்டீஸ்கள் போன பிறகுதான் விளக்கக் கூட்டங்கள் நடந்தன.

ஆகவே சேவைச் சங்கங்களிடம் நான் வேண்டுவது, அவர்கள் அறியாத புதுக் காரியம் ஒன்றுமல்ல. கண்புரை முகாம் நடத்தும்போது இதே சங்கங்கள் என்ன செய்கின்றன? கண்புரையைப் பற்றி ஒரு டாக்டரை மண்டபத்தில் பேசவைத்து, பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவதோடு நிற்பதில்லை. பள்ளிக்கூடத்து வராந்தாவில் மேஜை போட்டு, வயோதிகர்களை வரிசையில் உட்காரவைத்து, ஒவ்வொருவர் கண்ணையும் விளக்கடித்துப் பார்த்து, சிகிச்சை வேண்டியவர்களை வண்டியில் ஏற்றி அழைத்துச் சென்று, மறுபடி வீட்டில் கொண்டுவந்து விடுகின்றன. வரி விஷயத்திலும் அதே முறைதான் வேண்டும். ஒரு மேஜையில் ஆடிட்டர், ஒன்றில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, ஒன்றில் கம்ப்யூட்டரோடு ஒரு கல்லூரி மாணவர். எதிரே பாஸ்புத்தகமும் பான் அட்டையும் ஆதாரும் கொண்டுவந்த மனிதர். ஒருவருக்குக் கால்மணி நேரம் போதும். 1905இல் சிகாகோ நகரத்தில் பால் ஹாரிஸ் ரோட்டரியைத் தொடங்கியபோது, வெவ்வேறு தொழில் செய்கிறவர்களை ஒரே சங்கத்தில் சேர்ப்பதையே அதன் ஆதார லக்ஷணமாக வைத்தார். தத்தம் தொழிலின் மூலமாகவே சமூகத்துக்கு உபகாரம் செய்வதை அச்சங்கம் தனிக் கர்த்தவ்யமாகவும் சொல்லிக்கொள்கிறது. ஆடிட்டரும் வக்கீலும் வங்கி மேலாளரும் வியாபாரியும் ஒரே கூரையின் கீழ் வாரந்தோறும் கூடுகிற இடம் ஊரில் வேறில்லை. 1932இல் ரோட்டரி அங்கத்தினரான ஹெர்பர்ட் டெய்லர் வகுத்த நான்கு கேள்விகளை அங்கே எழுந்து நின்று ஓதுகிறவர்கள், சம்பந்தப்பட்ட அனைவருக்கும் நியாயமா என்று கேட்கும் இரண்டாவது கேள்வியில், பாஸ்புத்தகத்தோடு வெளியே நிற்கும் அந்தக் கைம்பெண்ணையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வரி விஷயம் வறண்டது, பாமர ஜனங்கள் கேட்கமாட்டார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். பிரபல வக்கீலான நானி பால்கிவாலா 1958இல் பம்பாயில் ஒரு ஹோட்டலின் சிறிய ஹாலில் பட்ஜெட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார்; கையில் குறிப்பில்லாமல், எண்களையும் பிரிவுகளையும் ஞாபகத்திலிருந்தே சொல்லி அவர் பேசுவதைக் கேட்கக் கூட்டம் வருஷத்துக்கு வருஷம் பெருகி, ஹால்கள் போதாமல், கடைசியில் பிரபோர்ன் கிரிக்கெட் மைதானத்திலேயே பேச வேண்டியதாயிற்று. 1994 வரையில் அது நடந்தது. பால்கிவாலாவின் கொள்கைகளை நான் முழுமையாக ஏற்பவனல்லன்; வரிவிதிப்பை அவர் பார்த்த பார்வை பெரும்பாலும் முதலீட்டாளரின் பார்வை. ஆனால் தன் பணத்தைப் பற்றிய பேச்சை, தெளிவாகச் சொல்லுகிறவன் சொன்னால், மைதானம் கொள்ளாத கூட்டம் கேட்கும் என்பதை அவர் நிரூபித்துவிட்டார்.

தெளிவாகச் சொல்வது என்றால் முதலில் பாஷை. 1961ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக, 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும்படி இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டம், 819 பிரிவுகளை 536 ஆகவும், ஏறக்குறைய ஐந்து லட்சம் வார்த்தைகளை அதில் பாதியாகவும் சுருக்கியிருக்கிறது; முந்தைய வருஷம், மதிப்பீட்டு வருஷம் என்ற இரட்டைக் குழப்பத்தை நீக்கி, வரி ஆண்டு என்று ஒன்றையே வைத்திருக்கிறது. இது வரவேற்கத்தக்க சீர்திருத்தம். எனினும் எவ்வளவு எளிய ஆங்கிலமானாலும் அது ஆங்கிலமே. தங்கவயலில் வீட்டில் தமிழும், அலுவலகத்தில் கன்னடமும், சந்தையில் தெலுங்கும் கலந்து பேசுகிற ஜனங்களுக்கு, அந்தச் சட்டம் தமிழிலும் கன்னடத்திலும் வாயால் சொல்லப்பட்டால்தான் சட்டமாகும். சங்கத்துக் கூட்டங்களில் ஆங்கிலத்தில் பேசுவதே கௌரவமென்று கருதும் பழக்கம், வெள்ளைக்கார அதிகாரிகள் கோல்ஃப் மைதானத்தோடு தமக்கென்று கிளப் கட்டிக்கொண்டு, சுரங்கத்தில் இறங்கியவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்த காலத்தின் மிச்சம்.

வரி மாற்றத்தைப் பற்றிய பிரசங்கத்தில் கொடுக்கல் மட்டுமல்லாமல் வாங்கலும் இடம்பெற வேண்டும் என்பதையும் இங்கே சொல்லியாகவேண்டும். இந்தப் பூமியிலிருந்து எடுத்த தங்கத்துக்கு மைசூர் ராஜ்யம் ராயல்டி பெற்றது. சிவசமுத்திரத்து நீர்மின்சாரம் 1902இல் முதன்முதலாக இந்தச் சுரங்கங்களுக்காகவே இழுத்துக் கொண்டுவரப்பட்டது. யந்திரங்கள் மின்சாரத்தில் ஓடின காலத்தில் லைன் வீடுகள் இருட்டில் கிடந்தன. இப்போது சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகளில் மிஞ்சியிருக்கும் தங்கத்தைப் பிரித்தெடுக்கும் யோசனை பேசப்படுகிறது. 2015இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டத்தின்படி, சுரங்கம் நடக்கும் ஜில்லாவின் ஜனங்களுக்காக, ராயல்டியின் விகிதத்தில் ஒரு தொகை மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குச் செலுத்தப்பட வேண்டும். குடிநீர், சுகாதாரம், கல்வி ஆகியவற்றுக்கு அந்தப் பணம் முதலில் போகவேண்டும். காற்றுக் காலத்தில் அந்த மேட்டுத் தூசியைச் சுவாசிக்கிறவர்களே அதற்கு முதல் பாத்தியதை உள்ளவர்கள். மேட்டில் வேலை தொடங்குவதற்கு முன்பே இந்த ஷரத்தை அவர்களுக்கு விளக்கிச் சொல்ல, ஒரு வக்கீலும் ஓர் ஆடிட்டரும் ஒரே மேடையில் ஏறினால் போதும்.

முகாமுக்கு உகந்த நாள் ஞாயிற்றுக்கிழமையே. மற்ற நாட்களில் பாதி ஊர் ரயிலில் இருக்கிறது. வட்டிப் பிடித்தத்தைத் தடுக்கும் உறுதிமொழிப் படிவத்தை வங்கிகள் ஏப்ரல் முதல் வாரத்திலேயே வாங்கத் தொடங்கிவிடுவதனால், முதல் முகாம் மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறன்று, மண்டபத்தில் அல்லாமல், மாரிக்குப்பத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நடக்கவேண்டும். கணக்குத் தாக்கலுக்கான இரண்டாவது முகாமை ஜூன் மாதத்தில் ஆண்டர்சன்பேட்டையில் வைத்துக்கொள்ளலாம்.